கதவைத் திறக்க மறுத்தவள்: அறிவியல் திகில் படங்களில் மனித நடத்தையின் நம்பகம்



நினைவுச் சொற்பொழிவுக்கு வேற்றுக்கிரகப் பிராணிகளைப் பற்றிய படங்கள்தான் கிடைத்தனவா என்று அழைப்பிதழைப் பார்த்த சிலர் கேட்டார்கள். கேட்டது நியாயம்தான். ஆனால் நம்முடைய கதை வாசிப்புக் கூட்டங்களுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று தெரியும். அங்கே அதிகம் எழுகிற கேள்வி, "இந்த ஆள் இந்த இடத்தில் இப்படிச் செய்வானா?" என்பதுதான். இதே கேள்வியை இடைவிடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிற இன்னொரு கூட்டம் திகில் படம் பார்க்கிற கூட்டம். "ஏன்டா தனியாப் போறே, விளக்கைப் போடு, கதவைச் சாத்து" என்று திரையைப் பார்த்துக் கத்துகிறவர்கள் அவர்கள். எனவே நம் கேள்வியை, அது மிகச் சத்தமாக எழுகிற இடத்திலேயே வைத்துப் பார்க்க நினைத்தோம்.

மூன்று படங்களை எடுத்துக்கொள்கிறோம். ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' (1968), ரிட்லி ஸ்காட்டின் 'ஏலியன்' (1979), ஜான் கார்பென்டரின் 'தி திங்' (1982). ஏலியனில்தான் அதிக நேரம் நிற்கப் போகிறோம். பேசுவதற்கு அதில்தான் அதிகம் இருக்கிறது.

நம்பகமான நடத்தை என்றால் புத்திசாலித்தனமான நடத்தை என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அது சரியல்ல. பார்வையாளருக்குப் படத்தின் பெயர் தெரியும், சுவரொட்டியைப் பார்த்திருக்கிறார், இசை வேறு அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. பாத்திரத்துக்கு இவை எதுவும் இல்லை. தான் ஒரு திகில் படத்துக்குள் இருப்பது அவருக்குத் தெரியாது. அவருக்கு அது வேலை நாள், அல்லது கல்லறைக்கு மலர் வைக்கப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை. டபிள்யூ. ஐ. தாமஸும் டோரதி ஸ்வெய்ன் தாமஸும் 1928இல் எழுதியதை சமூகவியல் படித்தவர்கள் நினைவில் வைத்திருப்பீர்கள். ஒரு சூழலை மனிதர்கள் எப்படி உண்மை என்று எடுத்துக்கொள்கிறார்களோ, அதன்படிதான் அவர்கள் செயலின் விளைவுகளும் உண்மையாகின்றன என்பது அவர்கள் கருத்தின் சாரம். ஒரு பாத்திரத்தின் செயலை எடைபோட வேண்டுமானால், அவர் சூழலை எப்படிப் புரிந்து வைத்திருக்கிறார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அதோடு, அவருக்கு மேலே யார், கீழே யார், கையில் என்ன இருக்கிறது, எவ்வளவு களைத்திருக்கிறார், அவர் சொன்னால் யார் கேட்பார்கள் என்பதெல்லாம் சேர்ந்தால்தான் நடத்தை. இப்படிப் பார்த்தால் முட்டாள்தனமான செயல்கூட முழு நம்பகத்தோடு இருக்க முடியும். அறிவார்ந்த செயலும் பொய்யாக ஒலிக்க முடியும்.

இனி ஏலியனுக்கு வருவோம்.

நாஸ்ட்ரோமோ ஒரு சரக்கு இழுவைக் கப்பல். 2 கோடி டன் கனிமத்தாதோடு ஒரு சுத்திகரிப்பு ஆலையை இழுத்துக்கொண்டு பூமிக்குத் திரும்புகிறது. உள்ளே ஏழு பேர். இவர்கள் வீரர்களோ ஆராய்ச்சிப் பயணிகளோ அல்ல, கூலிக்கு வேலை செய்கிறவர்கள். நீண்ட உறக்கத்திலிருந்து எழுந்து சாப்பாட்டு மேசைக்கு வந்ததும் படத்தின் முதல் வாக்குவாதம் தொடங்குகிறது. அது எதைப் பற்றி? ஊக்கத்தொகையைப் பற்றி! இயந்திர அறையில் வேலை செய்யும் பார்க்கரும் ப்ரெட்டும் மற்றவர்களுக்கு முழுப் பங்கும் தங்களுக்கு அரைப் பங்கும் கிடைப்பதை எழுப்புகிறார்கள். கப்பல் தலைவன் டாலஸ் பிடிகொடுக்காமல் நழுவுகிறான். பார்க்கராக நடித்த யாஃபெட் காட்டோ கறுப்பினத்தவர். படம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. கப்பலில் மேல்தளம் என்றும் கீழ்த்தளம் என்றும் இருக்கிறது, மேலே இருப்பவர்கள் கீழே வருவதில்லை, கீழே இருப்பவர்களின் நேரத்துக்குப் பாதி மதிப்பு என்று மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

வழியில் ஏதோ ஒரு சமிக்ஞை கேட்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று போய்ப் பார்க்கச் சொல்லி கப்பலின் கணினி அவர்களை எழுப்பியிருக்கிறது. இது என் வேலை இல்லை, நான் வணிகக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தவன் என்கிறான் பார்க்கர். அப்போது அறிவியல் அதிகாரி ஆஷ் ஒப்பந்தத்தின் ஒரு பிரிவைச் சுட்டுகிறான். அறிவுள்ள உயிரிடமிருந்து வரலாம் என்று தோன்றும் எந்தச் சமிக்ஞையையும் ஆராய வேண்டும், மறுத்தால் மொத்தப் பங்கும் போய்விடும் என்கிறது அந்தப் பிரிவு. வாக்குவாதம் அதோடு முடிகிறது. ஆபத்தான கிரகத்தில் ஏன் இறங்கினார்கள் என்ற கேள்விக்கு இந்தப் படம் தருகிற பதில் இதுதான்: கூலி பிடித்தம். வேறு படங்கள் இந்த இடத்தில் ஆர்வம், சாகசம், மனித குலத்தின் தேடல் என்று ஏதாவது சொல்லும். சம்பளத்தை இழக்க முடியாதவர்கள் போகக்கூடாத இடத்துக்குப் போவார்கள் என்பதற்கு நமக்கு விளக்கம் தேவையில்லை.

இறங்கும்போது கப்பல் சேதமடைகிறது. எவ்வளவு நேரத்தில் சரிசெய்வீர்கள் என்று மேலிருந்து ரிப்ளி கேட்கிறாள். ப்ரெட் 17 மணி நேரம் என்கிறான். பார்க்கர் ஒலிவாங்கியில் குறைந்தது 25 மணி நேரம் என்று பதில் சொல்கிறான். இரண்டு விநாடிதான் இந்த இடம். கதையின் போக்கில் இதற்கு வேலை எதுவும் இல்லை, வெட்டி எறிந்தாலும் கதை நிற்கும். ஆனால் தொழிற்சாலையிலோ கட்டுமானத்திலோ வேலை செய்த எவருக்கும் இந்த எட்டு மணி நேரம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். மேலாளருக்குச் சொல்கிற கணக்கு வேறு, நமக்குள் வைத்திருக்கிற கணக்கு வேறு. கொஞ்ச நேரத்தில் ரிப்ளி கீழே வருகிறாள். நீராவி பெருஞ்சத்தத்தோடு வெளியேறிக்கொண்டிருக்கிறது, ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கவில்லை. பங்கைப் பற்றி மறுபடியும் கேட்கிறார்கள். சட்டப்படி உங்களுக்கு உரியது கிடைக்கும் என்று சொல்லிவிட்டு அவள் எரிச்சலோடு மேலே போனதும், பார்க்கர் சாவதானமாகக் குழாயைத் திருகி நீராவியை நிறுத்துகிறான். சுரண்டலுக்கு எதிரான முழக்கம் எதுவும் இந்தக் காட்சியில் இல்லை. கீழே இருக்கிறவர் மேலே இருக்கிறவரைச் சின்ன அளவில் பாடாய்ப் படுத்துவது மட்டும் இருக்கிறது. நாம் அதை நம்புகிறோம். அப்படி நம்பிவிட்ட பிறகு பிராணி வரும்போது அதையும் நம்புகிறோம். வரிசை இதுதான். ரப்பரால் செய்த பிராணியை நம்ப வைத்தது பார்க்கரின் 25 மணி நேரம் என்று சொன்னால் அதில் மிகை கொஞ்சம்தான்.

அடுத்து அந்தக் கதவு. வெளியே போன கேனின் முகத்தில் ஏதோ ஒரு பிராணி ஒட்டிக்கொண்டிருக்கிறது. டாலஸும் லாம்பெர்ட்டும் அவனைத் தூக்கி வந்து கதவைத் திற என்கிறார்கள். தலைவன் வெளியே இருப்பதால் அப்போது கப்பலின் பொறுப்பு ரிப்ளியிடம் இருக்கிறது. 24 மணி நேரத் தனிமைப்படுத்தல் விதியைச் சொல்லி அவள் மறுக்கிறாள். கதவைத் திறந்தால் நாம் எல்லோரும் செத்துப்போகலாம் என்கிறாள். டாலஸ் உத்தரவிடுகிறான், அவள் அப்போதும் மறுக்கிறாள். ஆஷ் கையை நீட்டித் திறந்துவிடுகிறான்.

மாணவர்களோடு இந்தப் படத்தைப் பார்த்தபோதெல்லாம் இந்த இடத்தில் அரங்கு இரண்டாகப் பிரிந்திருக்கிறது. சாகக்கிடக்கிற ஒருவனை வெளியே நிறுத்துகிற ரிப்ளியைக் கல்நெஞ்சக்காரி என்று பாதிப்பேர் சொல்வார்கள். முதல் முறை பார்க்கிறவர்களில் பலரும் அந்த நிமிடம் ஆஷ் பக்கம் நிற்கிறார்கள். அவன் மனிதாபிமானி என்று நினைக்கிறார்கள். விதியைச் சொன்னவள்தான் எல்லோருடைய உயிரையும் காக்கப் பார்த்தாள் என்பதும், இரக்கம் போலத் தோன்றியது நிறுவனத்தின் உத்தரவு என்பதும் படத்தின் பின்பாதியில்தான் தெரியவருகிறது. ஆஷ் ஒரு இயந்திர மனிதன். 937 என்ற எண்ணுள்ள சிறப்பு உத்தரவின்படி பிராணியைப் பத்திரமாகக் கொண்டுபோவதே முதல் வேலை, ஊழியர்களை இழந்தாலும் பரவாயில்லை. டேன் ஓபேனன் எழுதிய முதல் திரைக்கதையில் இந்த இயந்திர மனிதன் கிடையாது. வால்டர் ஹில், டேவிட் கைலர் இருவரும் திருத்தி எழுதியபோது சேர்த்தார்கள். ஓபேனனுக்கு அது பிடிக்கவில்லை. நம் பார்வையில் அந்தத் திருத்தம்தான் படத்தை உயர்த்தியது. ஒருவன் ஏன் கதவைத் திறந்தான் என்ற கேள்விக்கு, 'உணர்ச்சிவசப்பட்டான்' என்பதை எடுத்துவிட்டு 'அவனுக்கு வேறு முதலாளி இருந்தான்' என்ற விடையை அது வைத்தது.

ப்ரெட்டின் மரணத்தையும் பார்த்துவிடுவோம். ஏனென்றால் அது "ஏன்டா தனியாப் போறே" வகையைச் சேர்ந்ததுதான். ஆனால் அந்த நேரத்தில் அவனுக்கு என்ன தெரியும் என்று எண்ணிப் பாருங்கள். கேனின் மார்பைப் பிளந்து வந்தது கையளவுப் பிராணி. சில மணி நேரத்தில் அது ஆள் உயரத்துக்கு மேல் வளரும் என்று யாருக்கும் தெரியாது. அவர்களிடம் வலை இருக்கிறது, ப்ரெட்டே செய்த மின்கோல் இருக்கிறது, அசைவைக் காட்டும் கருவி இருக்கிறது. அந்தக் கருவி காட்டிய அசைவு கடைசியில் கப்பலில் வளர்கிற பூனையாக இருந்துவிடுகிறது. பூனை ஓடிவிடுகிறது. மறுபடியும் கருவியில் அதுவே வந்து குழப்பும், போய்ப் பிடித்துவா என்று பார்க்கர் ப்ரெட்டை அனுப்புகிறான். இதில் தர்க்கப் பிழை எங்கே? சின்னப் பிராணி ஒன்றைத் தேடும்போது பூனையைப் பிடிக்க ஒருவர் போதும். போகச் சொல்வது வழக்கமாக ப்ரெட்டிடம்தான். போன இடத்தில் சங்கிலிகள் தொங்குகின்றன, மேலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. ப்ரெட் தொப்பியைக் கழற்றி முகத்தில் தண்ணீர் விழும்படி நிற்கிறான். வேலைக்கு நடுவே கிடைத்த அரை நிமிடக் குளிர்ச்சி. ஹாரி டீன் ஸ்டாண்டன் அதை அவசரமே இல்லாமல் செய்கிறார்.

அந்தப் பிராணியை ஏன் சுட்டுக் கொல்லவில்லை என்று கேட்பார்கள். அதற்கும் படம் முன்கூட்டியே வழிசெய்திருக்கிறது. கேனின் முகத்திலிருந்து அதை அறுத்தெடுக்கப் பார்த்தபோது அதன் ரத்தம் அமிலமாகித் தளம் தளமாக உருக்கிக்கொண்டு இறங்குகிறது. எல்லோரும் ஒவ்வொரு தளமாகக் கீழே ஓடிப்போய், கப்பலின் வெளிச்சுவரும் ஓட்டையாகிவிடுமோ என்று அண்ணாந்து பார்க்கிறார்கள். அமில ரத்தம் என்ற யோசனையைத் தந்தவர் வடிவமைப்பாளர் ரான் காப். கொன்றாலும் சாவோம் என்று ஆக்கிவிட்டால், பாத்திரங்களை முட்டாளாக்காமலேயே கையைக் கட்டிவிடலாம்.

கடைசியில் ரிப்ளி பூனைக்காகத் திரும்பிப் போவதைத்தான் பலராலும் மன்னிக்க முடிவதில்லை. இங்கே பேரிடர்ச் சமூகவியல் நமக்கு உதவும். என்ரிகோ க்வாரண்டெல்லி போன்றவர்கள் 1950களிலிருந்தே காட்டிவந்த ஒன்று உண்டு. பேரிடரில் மனிதர்கள் கூட்டமாகப் பீதியடைந்து ஒருவரை ஒருவர் மிதித்துக்கொண்டு ஓடுவது சினிமாவில் நடக்கிற அளவுக்கு நிஜத்தில் நடப்பதில்லை. முதலில் நம்ப மறுக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் உண்மைதானா என்று கேட்கிறார்கள். பிறகு தன்னைச் சேர்ந்தவர்களைத் தேடுகிறார்கள். வெள்ளத்தில் ஆட்டை விட்டுவிட்டு வர மறுத்தவர்களை நாமே பார்த்திருக்கிறோம். ரிப்ளியோடு வந்தவர்களில் அவளுக்கு மிச்சமிருக்கப்போவது அந்தப் பூனைதான். அவள் கணக்குப் போட்டிருந்தால் போயிருக்கமாட்டாள். நாம் அந்த இடத்தில் கணக்கை எதிர்பார்ப்பது நம் தவறு. ஆனால் இதே படத்தில் பார்க்கரின் சாவு நமக்கு இன்னும் முக்கியம். அவன் கையில் தீ உமிழும் ஆயுதம் இருக்கிறது. பிராணிக்கும் அவனுக்கும் நடுவே லாம்பெர்ட் பயத்தில் உறைந்து நிற்கிறாள். விலகு விலகு என்று கத்துகிறான், அவளால் அசைய முடியவில்லை. அவன் தீயைத் திறக்கவில்லை. கடைசியில் தானே அதன்மீது பாய்கிறான். படம் முழுக்கப் பங்குக்காகச் சண்டை போட்டவன், சுயநலக்காரன் என்று மேல்தளம் நினைத்தவன், இதைச் செய்கிறான். படம் இதற்காக நின்று வணக்கம் செலுத்துவதில்லை.

'தி திங்' வேறு வகை. அண்டார்டிகாவில் ஒரு அமெரிக்க ஆய்வு நிலையம், 12 ஆண்கள். எந்த உயிரின் உருவத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளும் ஒன்று அவர்களுக்குள் புகுந்துவிடுகிறது. 1938இல் ஜான் கேம்ப்பெல் எழுதிய கதையிலிருந்து எடுத்தது. படத்தின் தொடக்கத்திலேயே எச்சரிக்கை வந்துவிடுகிறது. ஒரு நாயைத் துரத்திச் சுட்டுக்கொண்டு வந்த நார்வேக்காரர், அது நாயல்ல என்று தன் மொழியில் கத்துகிறார். அமெரிக்கர்களுக்கு அந்த மொழி தெரியாது. அவரைச் சுட்டுவிட்டு நாயை உள்ளே சேர்த்துக்கொள்கிறார்கள். துப்பாக்கி வைத்திருந்தவருக்குப் புரியாத மொழியில் சொல்லப்பட்ட உண்மை பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. இதைவிட நம்பகமான தொடக்கம் எங்களுக்குத் தெரிந்து இல்லை.

உயிரியலாளர் ப்ளேர் கணினியில் கணக்குப் போட்டுப் பார்க்கிறார். இது மனிதர் வாழும் பகுதியை அடைந்தால் 27,000 மணி நேரத்தில் உலகம் முழுக்கப் பரவிவிடும். யாரிடமும் சொல்லாமல் வானொலியை உடைக்கிறார், ஹெலிகாப்டரை நாசமாக்குகிறார், நாய்களைக் கொல்கிறார். மற்றவர்கள் அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று பிடித்துத் தனிக் கொட்டகையில் அடைக்கிறார்கள். அந்த இடத்தில் அவர் செய்ததுதான் அறிவார்ந்த செயல். அது பித்து போலவே இருந்ததும் உண்மை. படம் இரண்டையும் ஒரே சமயத்தில் நம்ப வைக்கிறது.

இந்தப் படத்தில் பாத்திரங்கள் முட்டாள்தனம் செய்வதில்லை, சந்தேகப்படுகிறார்கள். சந்தேகம் வந்ததும் முதலில் உடைவது அதிகாரம். பரிசோதனைக்கு வைத்திருந்த ரத்தம் கெடுக்கப்பட்டிருக்கிறது. சாவி தலைவர் கேரியிடம்தான் இருக்கும், எனவே அவரே பொறுப்பை விட்டு விலகுகிறார். அடுத்து யார் என்றதும் ஒருவர் எனக்கு வேண்டாம் என்கிறார், வேண்டும் என்று முன்வருகிறவரை மற்றவர்கள் நம்பவில்லை. கடைசியில் ஹெலிகாப்டர் ஓட்டி மேக்ரெடி எடுத்துக்கொள்கிறான். அவனையும் எல்லோரும் நம்பிவிடவில்லை. சமையல் வேலை பார்க்கும் நால்ஸ், மேக்ரெடியின் கிழிந்த உடையைப் பார்த்ததும் பனிப்புயலில் அவனைப் பிணைத்திருந்த கயிற்றை அறுத்துவிட்டு ஓடி வருகிறான். தவறான முடிவு. அவனுக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் வேறு எந்த முடிவும் எடுக்க முடியாது.

எல்லோரையும் கட்டிப்போட்டு, சூடேற்றிய கம்பியால் ஒவ்வொருவர் ரத்தத்தையும் சோதிக்கும் காட்சி புகழ்பெற்றது. பலரும் பிராணி வெளிப்படும் கணத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். நமக்குப் பிடித்தது அதற்குப் பின்னால் வருவது. தான் மனிதன்தான் என்று நிரூபணமான பிறகு கேரி முதலில் மிக நிதானமாக, மரியாதையாக, நீங்கள் நிறையச் சிரமப்பட்டிருக்கிறீர்கள் என்று தொடங்கி, வாக்கியம் முடிவதற்குள் கட்டை அவிழ்க்கச் சொல்லி வெடிக்கிறார். அரங்கு சிரிக்கும். அந்தச் சிரிப்பு கேலிச் சிரிப்பு அல்ல, ஆமாம், இப்படித்தான் செய்வார் என்கிற சிரிப்பு. அதே காட்சியில் இன்னொன்றும் இருக்கிறது. சற்று முன் மேக்ரெடி சுட்டுக் கொன்ற க்ளார்க்கின் ரத்தமும் சோதிக்கப்படுகிறது. அவன் மனிதன்தான். அப்படியென்றால் நீ கொலைகாரன் என்கிறான் சைல்ட்ஸ். கீத் டேவிட் நடித்த அந்தக் கறுப்பினப் பாத்திரம்தான் இதைச் சொல்கிறது. மேக்ரெடி பதில் சொல்லாமல் அடுத்த ரத்தத்துக்குப் போகிறான். 1982இல் வெளியானபோது விமர்சகர்கள் பலர் இந்தப் படத்தைக் கழுவி ஊற்றினார்கள்.

இடையில் ஒரு எதிர் உதாரணமும் சொல்லியாக வேண்டும். அதே ரிட்லி ஸ்காட் 2012இல் எடுத்த 'ப்ரொமீதியஸ்'. பெரும் செலவில் தேர்ந்தெடுத்து அனுப்பப்பட்ட விஞ்ஞானிகள். தெரியாத கிரகத்தில் காற்று சுவாசிக்கத் தகுந்தது என்றதும் தலைக்கவசத்தைக் கழற்றிவிடுகிறார்கள். குகைக்கு வரைபடம் எடுக்கிற கருவிகளை வைத்திருப்பவரே வழிதவறிப் போகிறார். பிணத்தைக் கண்டு பயந்து ஓடிய உயிரியலாளர், சற்று நேரத்தில் பாம்பு போலச் சீறி எழும் பிராணியைக் குழந்தையைக் கொஞ்சுவது போலத் தொடப் போகிறார். இவர்கள் தவறு செய்வது குறையல்ல. நாஸ்ட்ரோமோவில் இருந்தவர்களும் தவறு செய்தார்கள். இங்கே தவறுக்குப் பின்னால் எதுவும் இல்லை. களைப்பு இல்லை, கூலி இல்லை, உத்தரவு இல்லை, தொழிலின் பழக்கம்கூட இல்லை. அடுத்த காட்சிக்கு ஒரு பிணம் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

இனி 1968. சுமார் 1,14,000 டாலரில், ஹாலிவுட்டுக்கு வெளியே பென்சில்வேனியாவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளிக்கிரகத்துக்குப் போய்த் திரும்பிய விண்கலத்தின் கதிரியக்கம் காரணமாக இருக்கலாம் என்கிறது தொலைக்காட்சி. இறந்தவர்கள் எழுந்து மனிதரைத் தின்கிறார்கள். ஒரு பண்ணை வீட்டில் ஏழு பேர் அடைபட்டிருக்கிறார்கள். அவர்களில் பென் மட்டும் கறுப்பினத்தவர், நடித்தவர் டுவேன் ஜோன்ஸ். பாத்திரம் கறுப்பினத்தவருக்காக எழுதப்பட்டதல்ல. தேர்வில் அவர்தான் சிறப்பாகச் செய்தார் என்று ரொமேரோ சொல்லிவந்தார். ஆள் மாறியதும் ஒவ்வொரு வசனத்தின் எடையும் மாறிவிட்டது.

பென் வந்ததும் மரச்சாமான்களை உடைத்துச் சன்னல்களை அடைக்கிறான். நிலவறையிலிருந்து ஹாரி கூப்பர் என்ற வெள்ளையர் மேலே வருகிறார். மேலே பென் அலறல் கேட்டு உதவி வேண்டி நின்றபோது கீழே பூட்டிக்கொண்டு இருந்தவர் அவர். நிலவறைதான் பாதுகாப்பு என்கிறார். அது சாவுப்பொறி என்கிறான் பென். சண்டை நீள்கிறது. உண்மையில் இருவரும் ஒரே விஷயத்துக்காகச் சண்டை போடவில்லை. கூப்பருக்குக் கீழே காயம்பட்ட மகள் இருக்கிறாள். அதோடு இந்த மனிதன் சொல்வதைத் தான் கேட்க வேண்டுமா என்ற எரிச்சலும் இருக்கிறது. நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் வராது, வரவும் தேவையில்லை. கடைசியில் மேல்தளத்துத் தடுப்புகள் உடைந்து எல்லோரும் இறந்த பிறகு, பென் உயிர் பிழைப்பது நிலவறையில்தான். கூப்பர் சொன்ன இடம்! கதாநாயகன் சொன்னது தவறாகவும் வெறுக்கத்தக்கவர் சொன்னது சரியாகவும் இருக்க ஒரு படம் அனுமதிப்பது அபூர்வம். வண்டியில் பெட்ரோல் நிரப்பப் போய் இரண்டு இளைஞர்கள் எரிந்து சாகிறார்களே, அதுவும் அவர்களுடைய அசட்டுத் துணிச்சல் இல்லை. முதலில் வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்ற அரசு அறிவிப்பு, பிறகு மீட்பு முகாம்களுக்குப் போங்கள் என்று மாறியிருந்தது. அதை நம்பித்தான் கிளம்பினார்கள்.

விடிகிறது. நாய்கள், துப்பாக்கிச் சத்தம். ஷெரிப்பும் ஆயுதம் ஏந்திய வெள்ளையர் கூட்டமும் வயல்வழியே வருகிறார்கள். பென் நிலவறையிலிருந்து மெல்ல மேலே வருகிறான். சன்னல் ஓரமாக ஒளிந்து எட்டிப் பார்க்கிறான். குரல் கொடுக்கவில்லை. தூரத்திலிருந்து ஒருவன் குறிபார்த்து நெற்றியில் சுடுகிறான். பிறகு வருவது அசையாத புகைப்படங்கள்: கொக்கிகளோடு ஆட்கள், இழுக்கப்படும் உடல், நெருப்பு.

"அவன் ஏன் கத்தவில்லை? நான் மனிதன்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிழைத்திருப்பானே?" இந்தக் கேள்வியை நாங்கள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். இதை ஒரு திரைக்கதைக் குறையாகவே சிலர் எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் நாய்களோடும் துப்பாக்கிகளோடும் வயல்வெளியில் வரும் வெள்ளையர் கூட்டத்தைப் பார்த்து, மீட்க வந்துவிட்டார்கள் என்று ஓடி வந்து கையசைக்கிற பழக்கம் அமெரிக்காவில் யாருக்கு இருந்தது, யாருக்கு இல்லை? படம் எடுத்து முடித்துப் பிரதியை நியூயார்க்குக்குக் காரில் கொண்டுபோகும்போதுதான் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட செய்தியை வானொலியில் கேட்டோம் என்று ரொமேரோ பின்னாளில் சொன்னார். அந்தச் செய்தியோடு சேர்த்துப் பார்த்தவர்களுக்கு பென்னின் மௌனம் குறையாகத் தெரிந்திருக்காது.

நம் எழுத்தாளர்களுக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல. எங்கள் கதைகளை வாசித்துவிட்டு, "ஏன் அவர்கள் அந்த ஊரை விட்டுப் போகவில்லை? ஏன் அன்றைக்கே காவல் நிலையத்தில் புகார் கொடுக்கவில்லை? கதை யதார்த்தமாக இல்லையே" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பேய் வீட்டை விட்டு ஏன் ஓடவில்லை என்ற கேள்வியின் இன்னொரு வடிவம் அது. ஊரை விட்டுப் போவதற்கு ஒருவருக்குப் பேருந்துக் கட்டணம் மட்டும்தான் செலவு. இன்னொருவருக்குக் குடியிருப்பு, முன்பணமாக வாங்கிய கடன், வயதான தாய், அறுவடைக் கூலி எல்லாமே செலவு. முதலாமவர் தன் செலவை வைத்து இரண்டாமவரின் நடத்தையை அளந்து, நம்பும்படியாக இல்லை என்று தீர்ப்பு எழுதுகிறார். இதற்கு இரண்டு பதில்கள் சாத்தியம். உனக்குத் தெரியாது, போ என்பது ஒன்று. அது எளிது, சில சமயம் தேவையும்கூட. ஏலியன் செய்தது போல, பங்கையும் ஒப்பந்தப் பிரிவையும் கீழ்த்தளத்தையும் முதல் 20 நிமிடத்திலேயே மேசைமேல் வைத்துவிடுவது இன்னொன்று. அப்படி வைத்துவிட்டால், ஏன் போகவில்லை என்று கேட்க வாய் வராது. எங்கள் கதைகளில் சிலவற்றில் அடி விழும் காட்சி ஐந்து பக்கம் இருக்கிறது, அடித்தவரிடம் வாங்கிய கடன் எவ்வளவு என்பது அரை வரிகூட இல்லை. எழுதத் தொடங்கும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். உங்கள் பாத்திரம் 17 மணி நேர வேலையை எத்தனை மணி நேரம் என்று சொல்லும்? யாரிடம் சொல்லும்? அது தெரிந்தபின் மீதியை எழுதுங்கள்.

2017இல் வந்த ஜோர்டன் பீலின் 'கெட் அவுட்' படத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். பீல் தன் படத்துக்கு முன்னோடியாக ரொமேரோவின் படத்தைச் சொல்கிறவர். வெள்ளைப் பணக்காரர்களின் மூளையைக் கறுப்பின உடல்களுக்கு மாற்றும் வீட்டிலிருந்து க்ரிஸ் தப்பிவிடுகிறான். இதற்கு முன்பே அவன் நண்பன் ராட் காவல் நிலையத்துக்குப் போய் நடப்பதைச் சொல்லியிருந்தான். அங்கே இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போது இரவுச் சாலையில் ரத்தம் வடிய க்ரிஸ் நிற்கிறான், அருகே அவனைக் கொல்லப் பார்த்த வெள்ளைப்பெண் காயத்தோடு கிடக்கிறாள். தூரத்தில் சிவப்பும் நீலமுமாகச் சுழல்விளக்கு. முதலில் எடுத்த முடிவில் அது காவல் வாகனமாக இருந்தது, க்ரிஸ் சிறைக்குப் போனான். பிறகு பீல் முடிவை மாற்றினார். வெளியான படத்தில் அந்த வண்டியிலிருந்து இறங்குவது ராட்தான். ஆனால் கதவு திறப்பதற்கு முன், விளக்கைப் பார்த்த அந்தக் கணத்தில் க்ரிஸ் என்ன செய்கிறான் என்பது இரண்டிலும் ஒன்றுதான். மெல்ல இரண்டு கைகளையும் தூக்குகிறான்.